மொட்டைமாடிப் படம்

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் கணவர் என்னைப் படத்துக்கு அழைத்துப்போனார். பெரிய நடிகரின் படத்துக்குத்தான் கிளம்பினோம். தியேட்டர் வாசலில் ஆந்திரா பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டம் வேறு சேர்ந்துகொண்டதால் டிக்கெட் கிடைக்கவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. புதுப் பெண்டாட்டியைப் படத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று தெருவுக்கே தெரியும்படி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"ஸ்டேஷன் பக்கமா இன்னொரு தியேட்டர் இருக்குது. அங்க இன்னா ஓடுதோ அதப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அங்கே ஓடிக்கொண்டிருந்த படத்தின் போஸ்டரில் ஒரு லாரி இருந்தது. லாரி இருந்தால் சண்டை இருக்கும் என்று அவர் நம்பினார். உள்ளே பாதி நாற்காலிகள் காலி. ஃபேன் காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

லாரி படத்தின் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம்தான் வந்தது. அதை ஓட்டுகிறவனுக்கு விபத்தில் முதுகு போய்விடுகிறது. அதற்குப் பிறகு கதை முழுக்க ஒரு வாடகை வீட்டின் ஒற்றை அறையில் நடந்தது. அவன் கட்டிலில் படுத்திருப்பான். மனைவி ஒரு இஸ்திரிக் கடையில் வேலைக்குப் போய்விட்டு வருவாள். சமைப்பாள், அவனைத் துடைத்துவிடுவாள், சாயங்காலமானால் மாடிப்படி ஏறி மொட்டைமாடிக்குப் போவாள். கேமரா மட்டும் மேலே போகாது. கட்டிலில் கிடக்கிறவனோடு கீழேயே இருக்கும். தலைக்கு மேல் அவள் நடக்கும் சத்தம் கேட்கும். அவன் கையை நீட்டி ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைப்பான். காய்கறி விலை நிலவரம் ஒலிக்கும். இதுவே திரும்பத் திரும்ப வந்தது.

முதலில் எல்லோரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். அவளுக்கு மேலே யாரோ ஆள் இருக்கிறான், அவன் இப்போது வருவான், வந்ததும் படம் சூடு பிடிக்கும் என்று நானும் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. முன் வரிசையில் ஒருவர், "மேல இன்னாதான் இருக்குது, காட்டித் தொலைங்கய்யா" என்றார். தியேட்டரே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அதுவரை அவர் கூச்சத்தில் என் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் பாதிப்பேர் போய்விட்டார்கள். நாங்கள் கடலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தோம். கடைசியில் ஒருநாள், மனைவி வேலைக்குப் போயிருக்கும்போது, அவன் கட்டிலிலிருந்து இறங்கி, உடம்பைத் தரையில் இழுத்துக்கொண்டே போய், ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறுகிறான். அந்தக் காட்சி எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்ல முடியாது, அவ்வளவு நேரம் ஓடியது. மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு துணிக்கொடி, ஒரு உடைந்த செங்கல் மேடை. அந்த மேடையில் சாய்ந்து உட்காருகிறான். படம் முடிந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்று என் கணவர் திரையைப் பார்த்துக் கேட்டார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். கல்யாணமாகி அவர் முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் பிறகு சொல்வார்.

அந்தப் படத்தின் பெயர் எங்களுக்கு நிற்கவில்லை. மொட்டைமாடிப் படம் என்றே சொல்லிக்கொண்டோம். பிறகு சலிப்பூட்டும் எதற்கும் அதுவே பெயராகிவிட்டது. சர்ச்சில் ஐயர் நீட்டி முழக்கிப் பிரசங்கம் செய்தால், ஆண்கள் வரிசையிலிருந்து அவர் என் பக்கம் திரும்பி விரலால் மேலே காட்டுவார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன். என் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாப் பேச்சாளர் எப்படி என்று கேட்டால், "மொட்டமாடி" என்பேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அவர் எலக்ட்ரீஷியன். சென்னை போகிற வழியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் ரயிலேறினால் இருட்டும் நேரத்தில் வருவார். நான் சர்ச் நடத்தும் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. சில வருஷம் அதற்காக மருத்துவமனைகளுக்கு அலைந்தோம். அப்புறம் அந்தப் பேச்சை இருவருமே எடுக்காமல் விட்டுவிட்டோம்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. ரத்த அழுத்தமும் இருந்தது. ரயிலில் போய் வருகிறவர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான் என்பார். ஒருநாள் செருப்பு காலில் ஏறவில்லை. மறுநாள் முகமும் வீங்கியது. அதற்கப்புறம் பரிசோதனைகள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டர் சொன்னபோது, மெஷின் பழுது என்று சொன்னதுபோல், "மாத்த முடியுமா சார்?" என்றுதான் அவர் கேட்டார்.

முதலில் எனக்குப் பரிசோதனை செய்தார்கள். ரத்த வகை சேரவில்லை. பள்ளிப்பட்டில் அவருடைய தம்பி இருக்கிறார். சின்னதாக விசைத்தறி போட்டிருக்கிறார். அவரே முன்வந்தார். வேலூருக்கு வந்து பரிசோதனைகளும் செய்துகொண்டார். பொருந்துகிறது என்றார்கள். அன்றைக்கு வீட்டில் நான் பாயசம் வைத்தேன்.

அடுத்த வாரம் தம்பியின் மனைவி தனியாக வந்தாள். ஒரு பை நிறைய கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தாள். அவர் கொய்யா சாப்பிடக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. தறி ஓட்டற ஒடம்பு அது. நாளைக்கு அவருக்கும் ஒண்ணு ஆச்சின்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. உள்ளறையிலிருந்து என் கணவர், "அவன வேணாம்னு சொல்லிடும்மா. நானே சொன்னேன்னு சொல்லு" என்றார். அவள் அழுதுகொண்டே போனாள். பை வாசலில் இருந்தது. பழங்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு டயாலிசிஸ் மட்டும்தான். வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். நல்லவேளையாக ஊரிலேயே ஒரு சென்டர் இருந்தது. பள்ளியில் அந்த நாட்களில் எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு மாற்றிக் கொடுத்தார்கள். இடது கையில் ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்து ஊசி குத்த இடம் பண்ணியிருந்தார்கள். அதன் மேல் விரல் வைத்தால் அதிர்ந்துகொண்டே இருக்கும். "தொட்டுப் பாரு, ரயில் ஓடிகினே இருக்குது" என்பார். வேலையை விட்ட பிறகு அவர் ரயிலைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

இந்த நோயில் தண்ணீர்தான் கொடுமை. ஒரு சின்ன பாட்டில், அதுதான் ஒரு நாளைக்கு. சித்திரை வெயிலிலும் அதே பாட்டில்தான். ஐஸ் துண்டை வாயில் போட்டு அது கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவர் எதிரே நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே ஒரு குடம் வைத்துக்கொண்டேன். தாகமெடுத்தால் அங்கே போய்க் குடித்துவிட்டு வருவேன்.

பிறகு தாகம் இல்லாதபோதும் போக ஆரம்பித்தேன். சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, கால் பிடித்துவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் போனை வைத்துவிட்டு, அந்தக் கல்லின் பக்கத்தில் போய் நிற்பேன். ஒன்றும் யோசிக்க மாட்டேன். அடுத்த வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். கோயில் மலையில் விளக்குப் போடுவார்கள். ரயில் போகும். யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு இடம், அவ்வளவுதான். உள்ளே டிவி சத்தம் அதிகமாகும். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். மருந்தால்கூட அப்படி ஆகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டாக்டரிடமே ஒருமுறை கேட்டேன். அவர் என் கணவரின் இரண்டு காதிலும் மெதுவாகப் பேசிப் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்வார். சுகம் கிடைக்கும், விசுவாசம் வேண்டும் என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேனே தவிர, கூடச் சேர்ந்து ஜெபிக்க எனக்கு வரவில்லை. ஒருமுறை அவர் போன பிறகு என் கணவர் ஒரு விரலை மேலே காட்டினார். ரொம்ப நாளைக்கப்புறம் இருவரும் சிரித்தோம். அன்றைக்குத்தான் அவர் கேட்டார்:

"அந்தப் படம் இன்னும் இருக்குமா?"

பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? லாரி, முதுகு, இஸ்திரிக் கடை, மொட்டைமாடி என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் போனில் போட்டுத் தேடினேன். யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஓரங்கள் வெட்டப்பட்டு, வண்ணம் வெளிறிப்போயிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. டயாலிசிஸில் நான்கு மணி நேரம் படுத்துக்கிடக்க வேண்டும். சுவரில் இருக்கும் டிவியில் ஓடும் சீரியல் அவருக்குப் பிடிக்காது. சிரிக்கலாம் என்றுதான் அங்கே அந்தப் படத்தைப் போட்டோம். இயர்போனில் ஒன்று அவர் காதில், ஒன்று என் காதில். நான் நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் விபத்து வரைக்கும் பார்த்தோம். சிரிப்பு வரவில்லை. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதால் படத்தை அங்கேயே நிறுத்தினோம்.

அடுத்த முறை அவள் மாடிக்குப் போகும் காட்சிகள் வந்தன. தியேட்டரில் பார்த்தபோது, படம் எடுத்தவருக்கு வெட்டத் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். அவள் மேலே போவதற்கு முன்னால் என்னென்ன செய்கிறாள் என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை. செம்பில் தண்ணீர் நிறைத்து அவன் வலது கைப்பக்கம் வைக்கிறாள். சிறுநீர்ப் பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளி, கைக்கு எட்டுகிறதா என்று அவன் கையையே எடுத்து வைத்துப் பார்க்கிறாள். கதவைச் சாத்துகிறாள், ஆனால் தாழ் போடுவதில்லை. படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுகிறாள். முதலில் அதை ரகசியம் என்று நினைத்தேன். கீழே இருந்து கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், செருப்புச் சத்தம் அதை மறைத்துவிடக் கூடாது. அதற்குத்தான். அவள் ஒரு இடத்தில்கூட அழவில்லை. மேலே யாரும் இல்லை என்பது இந்த முறை எனக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்ததால், யாருக்காகவும் காத்திருக்காமல் அவளை மட்டும் பார்க்க முடிந்தது.

என் முகத்தை அவர் பார்த்துவிடுவாரோ என்று போனை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினேன்.

"நிறுத்து" என்றார். "கொஞ்சம் பின்னால போ."

பின்னால் நகர்த்தினேன். தலைக்கு மேல் காலடிச் சத்தம். அவன் கையை நீட்டுகிறான். ரேடியோ.

"பாத்தியா?"

"இன்னாங்க?"

"அவன் ரேடியோவ எதுக்கு வைக்கறான் தெரியுதா?"

"கோவம். அவ மேல போறது புடிக்கல."

"அப்பிடித்தான் நானும் அன்னிக்கு நெனச்சேன். அது இல்ல. அவன் மூஞ்சப் பாரு. விலை நிலவரத்த யாரு இவ்ளோ சத்தமா வச்சுக் கேப்பாங்க? நான் ரேடியோ கேட்டுகினு இருக்கேன், எனக்கு ஒண்ணும் வேணாம், நீ அங்கியே இருன்னு அவளுக்குச் சொல்றான். வாய்விட்டுச் சொன்னா அவ எறங்கி வந்துடுவா."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ரேடியோவைத் திருகியதும் அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். கேட்பதற்காக மூடிய கண் இல்லை அது.

படத்தை மறுபடி ஓடவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ தொவைக்கற கல்லாண்ட போய் நிக்கற மாதிரிதான்."

அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. குடத்தைப் பற்றியும் தெரிந்திருக்கும். டிவி சத்தம் கூடியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாக்டரிடம் நான் காதைப் பற்றிக் கேட்டபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. டெக்னீஷியன் பெண் வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, "இன்னா படம் சார்?" என்று கேட்டாள். "நல்ல படம்மா" என்றார் அவர். அவர் வாயிலிருந்து அந்தப் படத்துக்கு அப்படி ஒரு வார்த்தை வந்தது.

நன்றாகப் புரிந்துகொண்டோம். அதனால் எங்களுக்குள் ஏதோ லேசாகியிருக்கும் என்று யாராவது நினைத்தால், அப்படி ஆகவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் வழக்கம்போல் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே டிவி சத்தம் ஏறியது. என்னால் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு விளம்பரமும், நீ நில்லு, நீ நில்லு என்பதுபோல் இருந்தது. உள்ளே வந்தேன். அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன் வந்துட்ட?"

"கொசு."

மறுநாளும் போய்ப் பார்த்தேன். அவர் என் மனதைப் புரிந்துகொண்டு டிவியைச் சத்தமாக வைக்காமல் இருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. உள்ளே அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரு வாரத்தில் அங்கே போவதை விட்டுவிட்டேன். அவருக்கு எனக்காகச் செய்ய அந்த ஒரு காரியம்தான் மிச்சம் இருந்தது. அதுவும் போயிற்று.

படத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்கச் சில வாரங்கள் ஆயின. இடையில் கையில் இணைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தால் அதிர்வு இல்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. அது தணிந்து மறுபடி சென்டருக்குப் போன நாள் ஆடிக் கிருத்திகை. மலைக்கோயிலின் கார்த்திகை மண்டபத்துக்கு முன்னாலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். காவடிக் கூட்டத்துக்குள் அவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோனேன். அரோகரா சத்தத்தில் அவர் சொல்வது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா அவர் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, தன் கூட்டத்தை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார். சென்டருக்குள் நுழைந்ததும் அவர் நாற்காலியில் சரிந்தார். நேரம் தவறிப்போனதால் அன்றைக்குக் கூட்டமும் குறைவு. படுத்துக்கொண்டு, "மிச்சத்தப் போடு. பாத்து முடிச்சுடலாம்" என்றார்.

அவன் படியேறும் காட்சி. தியேட்டரில் சிரித்தோமே, அது. முதல் படியில் முழங்கையை ஊன்றுகிறான். இடுப்பை இழுக்கிறான். மூச்சு வாங்குகிறான். வழியில் அவள் காலையில் கழுவிக் கவிழ்த்துவைத்த பாத்திரத்தைத் தட்டிவிடாமல் இருக்க உடம்பை வளைக்கிறான். அந்தப் பாத்திரத்தை முதல் தடவை நான் பார்க்கவில்லை. மேலே போய்ச் சுற்றிப் பார்க்கிறான். அவன் முகத்தில் சந்தேகம் இல்லை. அவள் உட்காரும் மேடை எது என்று தேடுகிறான். செங்கலில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. அங்கே சாய்ந்துகொள்கிறான். முடிந்தது.

போன் திரை அணைந்ததும் அதில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"எறங்கறத காட்டல" என்றார்.

"அவ வந்து எறக்கிவிடுவா."

"ஒண்டியா எப்பிடி எறக்குவா?"

"யாரயாச்சும் கூப்புடுவா."

"எனக்கென்னமோ அவன் எறங்கலன்னு தோணுது" என்றார். "ஏறும்போதே அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ எங்க போய் நிக்கறான்னு ஒருதரம் பாத்துடணும்னு ஏறியிருக்கான்."

"அது படம்ங்க" என்றேன்.

"ஆங், படம்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா எடுத்திருக்கான். நமக்குத்தான் அன்னிக்கு வயசு பத்தல" என்றார்.

அவர் முடிவெடுத்ததற்கு அந்தப் படம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் அதற்கு முன்பே யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மழைக்காலம் ஆரம்பித்தபோது கழுத்துக் குழாயும் அடைத்தது. அடுத்து தொடையில் போட வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் கிளம்பி நின்றபோது, "ஆட்டோக்காரர வேணாம்னு சொல்லிடு" என்றார்.

"ஒடம்பு முடியலயா?"

"முடியலதான். அதுக்காகச் சொல்லல. இனிமே வேணாம்."

நான் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கெஞ்சினேன், கோபப்பட்டேன். டாக்டரைப் போனில் பேசவைத்தேன். அவர் எல்லோருக்கும் சரி சார், சரிம்மா என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"நீங்க போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"தெரியல" என்றார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "இருந்து மட்டும் நான் உனக்கு இன்னா பண்ணேன், சொல்லு."

தம்பியைக் கூப்பிட்டேன். பள்ளிப்பட்டிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வண்டியில் வந்தார். தலையைக்கூடத் துவட்டாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அண்ணே, நான் தரேன். அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். வா, வேலூர் போலாம்" என்றார்.

"லேட்டாயிடுச்சிடா. இந்த ஒடம்பு இனிமே ஆபரேஷன் தாங்காது. டாக்டரே சொல்லிட்டாரு."

"நைனா இருந்தா உன்ன ரெண்டு போட்டு இட்டுகினு போவாரு."

"அப்ப வேணாம்னு விட்டது சரிதான்டா. அதையே வச்சிக்கோ. இப்ப வந்து மாத்தாத" என்றார் என் கணவர். தம்பி சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் உள்ளே போய்த் துண்டு கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்கள்தான். உடம்பு வீங்கியது. தண்ணீர் இனி எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும் என்று நினைத்துச் செம்பு நிறைய கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றார். அத்தனை நாள் ஏங்கிய தண்ணீர் அவருக்கு ருசிக்கவில்லை. மூச்சுத் திணறியபோது ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் மதியம், நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்தபோது இறந்துபோனார். தம்பிதான் பக்கத்தில் இருந்தார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "அண்ணி எங்கன்னு கேட்டாரு. மருந்து வாங்கப் போயிருக்குதுன்னேன். சரின்னாரு" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்ததால் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஐயர் சுருக்கமாக முடித்தார். தம்பியும் அவர் மனைவியும் பள்ளிப்பட்டுக்கு வந்துவிடும்படி கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஒருநாள் போனில் தேடினேன். ஏற்றியவர் எடுத்துவிட்டார் போலிருக்கிறது, காணவில்லை. கிடைத்திருந்தாலும் பார்த்திருப்பேனா, தெரியாது. அது நல்ல படம் என்று இப்போது எனக்குத் தெரியும். அதில் ஒரு செம்பு, ஒரு செருப்பு, ஒரு பாத்திரம்கூட வீணாக வைக்கப்படவில்லை என்று தெரியும். தெரிந்து எங்களுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டாம் தடவை பார்த்தால் சில படங்கள் நன்றாகிவிடுகின்றன. மற்றவை எதுவும் அப்படி ஆவதில்லை.

துக்க விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன அன்று, மதிய இடைவேளையில் சென்டரிலிருந்து அந்த டெக்னீஷியன் பெண் போனில் கூப்பிட்டாள். விஷயம் கேள்விப்பட்டதாகச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சாரோட காலை டைம் அப்பிடியே எழுதி வச்சிருக்கோம். ஆர்.கே.பேட்டைலேர்ந்து ஒருத்தர் ரொம்ப நாளா காத்துகினு இருக்காரு. சின்ன வயசு. அவருக்குக் குடுத்துடலாமா?"

"குடுங்க" என்றேன்.

"சாப்ட்டீங்களா அக்கா?"

"ஆங், சாப்ட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். மணி அடித்தது. மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.